பூங்காவில் பிறந்தவள்

1

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய இந்த எட்டு வருஷத்தில் எனக்குப் பல பெயர்கள் கிடைத்துவிட்டன. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிக்கு என் பெயரான கோமதி வாயில் நுழையாததால் நான் 'மாத்தி'. என் கணவரின் ஆபீசில் நான் 'மிஸ்டர் நடராஜன் வீட்டு அம்மா'. போன மாதம் புதிதாக ஒன்று சேர்ந்தது. அதை வைத்தது ஒரு சர்க்கார் குமாஸ்தா, பரப்பியது என் ஏழு வயது மகள் மீனா. இப்போது எங்கள் தெருவில் நான் 'பூங்காவில் பிறந்தவள்'.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். விஷயம் இதுதான்.

இந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, இங்கேயே தங்கிவிட நினைப்பவர்கள் பிரஜையாகப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். என் கணவர் பதிந்துகொண்டார். மீனா இங்கேயே பிறந்தவள், அவளைப் பற்றிக் கேள்வி இல்லை. பாக்கி நான் ஒருத்தி. பதியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒன்றும் ஆகாது, அடிக்கடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்" என்றார். யுத்த காலத்தில் ரேஷன் கடை வரிசையிலேயே வளர்ந்தவள் நான், எனக்கு அது பெரிய தண்டனை இல்லை. ஆனால் மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் வீட்டுக்காரர்களாகவும் ஒருத்தி விருந்தாளியாகவும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்ணப்பம் போட்டேன்.

பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அப்பாவுக்கு எழுதினேன். அவர் சங்கரன்கோவிலில் ஆபீஸ் ஆபீசாக அலைந்து ஒரு நகல் வாங்கி அனுப்பினார். நகல் எழுதியவர் புதிதாக வேலைக்கு வந்த சுறுசுறுப்பான ஆள்போல. பழைய பதிவில் இருந்த இடப் பெயரை அப்படியே எழுதாமல், இன்றைக்கு அந்த இடத்துக்கு என்ன பெயரோ அதை எழுதிவிட்டார். பிறந்த இடம்: பொதுப் பூங்கா, சங்கரன்கோவில்.

இங்கே பதிவு ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் யூசுப் என்ற மலாய்க்காரர். கண்ணியமான மனிதர், நரைத்த மீசை. அந்தத் தாளின் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை படித்தார்.

"அம்மா, இங்கே பூங்கா என்று போட்டிருக்கிறதே?"

"ஆமாம்."

"பூங்காவில் எப்படிப் பிறந்தீர்கள்? உங்கள் தாயார் காற்று வாங்க வந்திருந்தாரா?"

எனக்குத் தெரிந்த மலாயை வைத்து, அது முன்பு தோட்டமாக இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். தோட்டம் என்றதும் அவர் ரப்பர்த் தோட்டம் என்று எடுத்துக்கொண்டு, "எந்த எஸ்டேட்?" என்று பேனாவைத் திறந்தார். இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட வந்திருந்த மீனா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

யூசுப் சிரிக்கவில்லை. ஒரு பொது இடத்தில் ஒரு குடும்பம் குடியிருந்தது என்றால், யார் அனுமதியில் குடியிருந்தது என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். தவணை கொடுத்துத் தேதியும் எழுதிக் கொடுத்தார்.

உலகத்தில் எந்தக் கடிதத்தை வேண்டுமானாலும் நான் கேட்டு வாங்கிவிடுவேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் கேட்க முடியாது. கேட்டால் சங்கரன்கோவிலில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருக்க வீடு இல்லாமல் போய்விடும்.

2

இன்றைக்கு அந்தப் பூங்காவில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, அது ஒரு ஜமீன்தாரின் ஊட்டி ஆசையில் முளைத்தது என்று தெரிந்திருக்காது. ஜமீனின் பெயரை எழுதப் போவதில்லை. பேரன்மார் இருக்கிறார்கள். வழக்குப் போடுவதில் அந்தக் குடும்பத்துக்குக் கைப்பழக்கம் அதிகம்.

நான் பிறப்பதற்கு முன்னால் ஜமீன்தார் ஒரு கோடைக்கு ஊட்டி போனாராம். திரும்பி வரும்போது ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு யோசனையும் கொண்டுவந்தார். கம்பளிச் சட்டையை எங்கள் ஊர் வெயிலில் ஒரு நாள்தான் போட முடிந்தது. யோசனையை விடவில்லை. ஊருக்கு வெளியே கரிசல் மண்ணில் இடம் வளைத்து, ஓடு வேய்ந்த பங்களா கட்டி, வராந்தாவுக்கு மரக் கிராதி போட்டு, முன்னால் வட்டவட்டமாகப் பாதை வைத்துத் தோட்டம் போட்டார். ஈரச் சாக்கில் சுற்றிய செடிகள் ரயிலில் வந்து இறங்கும். அதைப் பார்க்க ஸ்டேஷனில் கூட்டம் நிற்குமாம்.

வந்த செடியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தது. கண்ணேறு என்று பூசணிக்காய் கட்டினார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றதும், குளிர்ச்சி தெரிந்த ஆள் வேண்டும் என்று சிவகிரியிலிருந்து என் அப்பா சங்கரலிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். சிவகிரி மலையடிவாரம் என்பதால் அங்கே பிறந்தவனுக்கு ஊட்டிச் செடி பேச்சுக் கேட்கும் என்பது ஜமீன்தாரின் கணக்கு. சிவகிரியில் அடிக்கிற வெயில் அவருக்குத் தெரியாது.

அப்பா வந்து பார்த்தார். கமலை கட்டி நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்தாலும் அந்தச் செடிகள் தேறாது என்று ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. எஜமானிடம் போய் அதைச் சொல்லிப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செடி சாகச் சாக, அந்தக் குழியில் வேம்பு, புங்கு, பூவரசு, மகிழம் என்று மண்ணுக்கு ஒத்ததை வைத்துக்கொண்டே வந்தார். ஆனால் ஊட்டியிலிருந்து வந்த இங்கிலீஷ் பெயர்ப் பலகைகளை மட்டும் பிடுங்கவில்லை. அவை எஜமான் காசு போட்டு எழுதி வாங்கியவை.

சில வருஷத்தில் தோட்டம் அடர்ந்துவிட்டது. விருந்தாளிகள் வந்தால் ஜமீன்தார் கைத்தடியை நீட்டிப் பலகையைப் படித்து, "இது சீமை மரம்" என்று வேப்பமரத்தைக் காட்டுவார். வந்தவர்களும் வேப்பங்காற்றில் நின்றுகொண்டு ஆச்சரியப்படுவார்கள். ஒருவர்கூட மறுத்துச் சொன்னதில்லை. பிற்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அந்தப் பலகைகளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் பூவரசை சைப்ரஸ் என்று பரீட்சையில் எழுதிய ஒரு வகுப்பே உண்டு.

நடுவில் சிமெண்டில் ஓர் அன்னம். வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அதற்கான குழாய் கடைசிவரை வரவே இல்லை. கலெக்டர் வருகிற நாளில் மட்டும் சுவருக்குப் பின்னால் ஏணியில் இரண்டு பேர் நின்று குடம் குடமாகத் தொட்டியில் ஊற்றுவார்கள். கலெக்டர் அன்னத்தைப் பார்க்கிறவரை அன்னம் துப்பும். அவர் திரும்பினால் ஏணிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒருவர் என் அப்பா.

அந்தத் தோட்டத்தின் மேற்கு மூலையில், தோட்டக்காரருக்கென்று கட்டின இரண்டு அறை வீட்டில்தான் நான் பிறந்தேன். காற்று வாங்க வந்த இடத்தில் இல்லை.

3

கேட்டைத் தாண்டி யாரும் உள்ளே வர வேண்டுமானால் எஜமானின் உத்தரவு வேண்டும். வருகிறவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வந்த காரியத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டும். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று பங்களாவுக்குப் போவார். சற்று நேரம் கழித்து வருவார். "உத்தரவு ஆச்சு, வாங்க" என்பார். இல்லையென்றால், "இன்னைக்குத் தோது இல்லையாம், நாளைக்கு வரச் சொல்லுதாக" என்பார். நாளைக்கு என்றால் வர வேண்டாம் என்று அர்த்தம். அதை விளங்கிக்கொள்ளாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மத்தியானம். அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு போனேன். கேட்டில் வளையல் வியாபாரி ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அப்பா உத்தரவு கேட்கப் போயிருப்பதாகச் சொன்னார். நான் பங்களாவின் பக்கவாட்டு வழியாக வராந்தாவுக்குப் போனேன். அங்கே எஜமானின் சாய்வு நாற்காலியில் என் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை. பங்களாவின் கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன.

"எப்பா, எசமான் எங்க?"

"மெட்ராசுல."

"அப்ப யார்ட்ட உத்தரவு கேக்கீக?"

"கேட்டுக்கிட்டுத்தானட்டி இருக்கேன். பேசாம இரு, யோசனை ஓடுது."

யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அந்த நாற்காலில உக்காந்தாத்தான் உங்கப்பாவுக்கு நியாயம் தெரியும். வீட்ல உக்காந்தா ஒண்ணுந் தெரியாது. கஞ்சியக் குடுத்தியா?"

ஆரம்பத்தில் உண்மையாகவே கேட்டுத்தான் விட்டாராம். ஜமீன்தார் சீட்டு விளையாட்டில் இருக்கும்போது ஒரு தடவை எரிச்சலோடு, "எந்தக் கழுதை வந்தா எனக்கென்ன, நீயே பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டார். அப்பா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கேட்டில் நடந்த நியாயம் எல்லாம் என் அப்பாவுடையது. வம்பு பேசுகிறவர்களுக்கு நாளைக்கு. வெயிலில் நடந்து வந்த கர்ப்பிணிக்கு உடனே உத்தரவு, மேற்கொண்டு இளநீர். ஊரோ, எஜமான் தங்கமான மனுஷர், ஆள் தராதரம் தெரிந்தவர் என்று மெச்சிக்கொண்டிருந்தது.

4

பெரிய ஜமீன்தார் காலமானார். சுதந்திரம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வாரிசுகள் இரண்டு பேரும் மெட்ராசில் இருந்துகொண்டு பங்களா யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க இருவருக்குமே மனசு இல்லை. அதை மட்டும் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, கட்டிடம் கோர்ட்டில், தோட்டம் போர்டில். பூட்டின பங்களா நடுவில் நிற்க, அதைச் சுற்றிப் பொதுப் பூங்கா. சாய்வு நாற்காலி யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியாததால் அது வராந்தாவிலேயே கிடந்தது. அப்பா போர்டு சம்பளத்தில் தோட்டக்காரராகவும் காவலராகவும் ஆனார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. வாழைமரம், மைக் செட், நாதஸ்வரம். போர்டு பிரசிடெண்ட் எங்கள் ஊரில் நூல் கடை வைத்திருந்தவர். "இனி இது பொதுஜனங்களின் சொத்து. எல்லோரும் வரலாம், எப்போதும் வரலாம்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கேட் விரியத் திறந்திருந்தது. செருப்பையெல்லாம் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"உள்ள போகலாமா அண்ணாச்சி?"

"போங்க, போங்க. ஒங்க எடந்தான" என்றார் அப்பா.

ஒருவரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார்: "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருங்களேன்."

அப்பா என்ன செய்வார்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்து உத்தரவு ஆச்சு என்றார். எல்லோரும் நிம்மதியாக உள்ளே வந்தார்கள். போர்டு புதிதாகச் சிமெண்டு பெஞ்சுகள் போட்டிருந்தது. அதில் உட்காரக் கூச்சப்பட்டு, பெஞ்சில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் வருஷம் முழுக்க அந்தப் பெஞ்சுகளில் காக்கைதான் உட்கார்ந்தது.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை. தெருக் கூட்டுகிற பெண்கள் மூன்று பேர் ஒரு நாள் வேலை முடிந்து, பிள்ளைகளோடு கேட்டுக்கு வந்தார்கள். உள்ளே புங்கமரத்தடியில் இருந்த மளிகைக் கடைக்காரர் எழுந்து வந்து, "இவுகளுமா?" என்றார். எல்லோரும் வரலாம் என்று கேட்டுக்குப் பக்கத்தில் போர்டு ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தது. அந்த 'எல்லோரும்' என்ற சொல்லை அப்படியே வாசிக்க எங்கள் ஊருக்குப் பழக்கமில்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். அன்றைக்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று. வந்து உரக்கச் சொன்னார்.

"எசமான் உத்தரவு ஆயிட்டு. ஆட்சேபணை உள்ளவுக வராந்தாவுக்கு நேர்ல வந்து சொல்லணுமாம்."

வராந்தாவில் யாரும் இல்லை என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் போகவில்லை. அந்தப் பெண்கள் உள்ளே வந்து அன்னத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் அப்பாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் அது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஆடித் தபசு வந்தது. கோமதி அம்மனைப் பார்க்கக் குருவிகுளம் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. வந்தவர்கள் அப்படியே பூங்காவையும் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு வண்டிக் கூட்டமும் உத்தரவு கேட்டது. அப்பா கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து சோர்ந்துவிட்டார். வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டு பஸ்ஸை மறித்தது.

மளிகைக் கடைக்காரருக்கு அது போதுமாக இருந்தது. ஜமீன் ஒழிந்தும் பூங்காவில் ஜமீன் ஆட்சி நடக்கிறது, காவலர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பதால்தான் இந்தத் திமிர் என்று மனுக் கொடுத்தார். போர்டும் பொதுப் பூங்காவில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. வேலை இருக்கும், வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு மாதம் இருந்தது. அம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கி அடுக்க ஆரம்பித்தாள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனையும் அவர் வைத்தவை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

5

உத்தரவுக் கடிதத்தைப் பிரசிடெண்ட் தானே எடுத்துக்கொண்டு வந்தார், கூடவே போர்டு பியூன். பிரசிடெண்டின் தகப்பனார் அந்தக் காலத்தில் சேலை மூட்டையோடு அந்தக் கேட்டில் காத்து நின்றவர். சிறு வயதில் அவரும் கூட நின்றிருப்பார்.

நான் எங்கள் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரசிடெண்ட் கேட்டருகில் வந்ததும் அவர் கால்கள் தானாகச் செருப்பை விட்டன.

"சங்கரலிங்கம், ஒரு விசயமா வந்தேன்" என்றார்.

"இருங்க மொதலாளி, கேட்டுட்டு வாரேன்."

அப்பா வராந்தாவுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கால்மேல் கால் போடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து, துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, கேட்டுக்கு வந்தார்.

"இன்னைக்குத் தோது இல்லையாம் மொதலாளி. நாளைக்கு வரச் சொல்லுதாக."

"அப்படியா? சரி" என்றார் பிரசிடெண்ட். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். பியூனும் பின்னால் நடந்தார். பத்து எட்டு வைத்திருப்பார்கள். புளியமரத்தடியில் பிரசிடெண்ட் நின்றார். அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"ஏன் வே, உள்ள யாரு வே இருக்கா?"

"யாரும் இல்ல மொதலாளி."

"அப்ப எனக்குத் தோது இல்லைன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"எத்தன நாளா?"

"இருபது வருசமா."

பிரசிடெண்ட் அப்பாவைப் பார்த்தார், பூட்டின பங்களாவைப் பார்த்தார், அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அப்ப எங்கய்யாவ அன்னைக்கு மழையில நிக்க விடாம உள்ள கூப்பிட்டு உக்கார வச்சதும் எசமான் இல்லையா?"

"மூட்ட நனைஞ்சிருமேன்னு பாத்தேன்" என்றார் அப்பா.

பிரசிடெண்டுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார், பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரி வே. நாளைக்கே வாரேன்."

எங்கள் ஊரில் அந்த 'நாளைக்கு' என்பதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். காவலர் நாளை பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார் என்று பிரசிடெண்ட் ஃபைலில் எழுதி வைத்ததாகப் பியூன் வந்து சொன்னார். நான் அந்த வீட்டிலிருந்தே கல்யாணமாகி ரயில் ஏறினேன். பிரசிடெண்டுகள் மாறினார்கள். ஃபைல் அடியில் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள், தீர்மானம் ஒருபுறம் இருக்க, 'நாளைக்கு' ஒருபுறம் இருக்க.

யார் அனுமதியில் குடியிருந்தோம் என்று இங்கிருந்து ஒரு கடிதம் போனால், அங்கே யாராவது அந்த ஃபைலைத் தூசி தட்டி எடுப்பார்கள். எடுத்தால், தீர்மானம் தீர்மானம்தான்.

6

அப்பாவுக்கு நான் விஷயத்தை மழுப்பித்தான் எழுதினேன். ஆனாலும் புரிந்துகொண்டார். தபாலாபீஸ் வாசலில் யாரையோ பிடித்து எழுதச் சொன்ன பதில் வந்தது. எழுதியவர் அப்பா பேசியதை அப்படியே எழுதிவிட்டார்.

"கடுதாசி வேணும்னா நானே போர்டுல போய்க் கேட்டு வாங்கி அனுப்புதேன். எனக்கு வயசாச்சு, எங்கன இருந்தா என்ன. நீ அங்கன நிலையா இருக்கணும். வீடு என்னட்டி வீடு."

அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். போக வேண்டாம் என்று அன்றைக்கே தந்தி கொடுத்தேன். என் கணவர், "வரிசையில் நிற்பது உனக்குப் பழக்கம்தானே, விடு" என்றார். ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தவணைத் தேதியில் கவுண்டருக்குப் போனேன். மீனாவுக்குப் பள்ளி விடுமுறை, கூட வந்தாள். இந்த மீனாவைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிடக் கூப்பிட்டால் இங்கிலீஷில் பதில், சண்டை போட்டால் மலாயில், பசி வந்தால் மட்டும் தமிழ். தாத்தாவுக்கு நாலு வரி எழுது என்றால் என்ன எழுதுவது என்று கேட்பாள். தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. தூங்க வைக்கிறபோது அன்னத்தின் கதையையும் பிரசிடெண்டின் கதையையும் சொல்லியிருக்கிறேன். கேட்டாளா, தூங்கினாளா என்று தெரியாது.

"கடிதம் கொண்டுவந்தீர்களா?" என்றார் யூசுப்.

"இல்லை" என்றேன். ஏன் என்று சொல்ல மலாயில் ஆரம்பித்தேன். ஜமீன்தார் என்பதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ராஜா என்றேன். சின்ன ராஜா என்றேன். ராஜா மெட்ராசில், நாற்காலி இங்கே, என் அப்பா நாற்காலியில் என்றேன். யூசுப் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அப்போது மீனா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "நான் சொல்கிறேன்" என்று மலாயில் தொடங்கினாள். இடுப்பில் துண்டு கட்டுகிறதுபோலப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாத்தாவாக நடந்து காட்டினாள். சிமெண்டு அன்னம் துப்பினதைத் துப்பிக் காட்டினாள். நாற்காலிக்கு நான் சொல்லாத சிங்க முகங்களை வைத்தாள். பிரசிடெண்டுக்குத் தொப்பை வைத்தாள். அவர் பத்து எட்டு நடந்து நின்றதைக் கவுண்டருக்கு முன்னால் எண்ணி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தாள். வரிசை மொத்தமும் சிரித்தது. சிங்க முகம் இல்லை என்று திருத்தலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். என் மகள் ஒரு தடவையாவது சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு வந்ததுபோல இருந்தது.

யூசுப் மட்டும் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்படியானால், உங்கள் குடும்பம் அங்கே குடியிருக்க அனுமதி கொடுத்தது யார்?"

"என் அப்பா."

"உங்கள் அப்பாவுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?"

கொஞ்சம் யோசித்தேன். "அவரிடம் வந்து கேட்டவர்கள்" என்றேன். அதை மீனா மலாயில் சொன்னாள்.

யூசுப் பேனாவை மூடினார். என் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். "இது என் கையில் இல்லை. உள்ளே துவானிடம் கேட்டுவிட்டு வருகிறேன். இருங்கள்" என்றார். துவான் என்றால் மேலதிகாரி. பின்னால் இருந்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நேரம் ஆயிற்று. மீனா மெல்ல நழுவிப் போய், குனிந்து அரைக்கதவுக்கு அடியில் பார்த்தாள். ஓடிவந்து என் காதில் சொன்னாள், தமிழில்.

"அம்மா, அங்கே துவானே இல்லை. நாற்காலியில் கோட்டு மட்டும் தொங்குது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்."

நான் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

யூசுப் வந்தார். மீசையில் காப்பி ஈரம் இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, என் தாளில் அழுத்திக் குத்தினார்.

"துவான் சம்மதித்துவிட்டார்" என்றார்.

எழுந்து நின்று கும்பிட்டேன். துவானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். கட்டாயம் சொல்வதாகச் சொன்னார்.